பொதுச்சேவை ஒலிபரப்புக்கு யார் முதலாளி?

1960களின் நடுவில் தஞ்சை மாவட்டத்துக் குறுவைப் பட்டத்தில் ஒரு புதிய நெல் வேகமாகப் பரவியது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அந்த ரகத்தின் பெயர் ஏ.டி.டி. 27. விவசாயிகள் வாயில் அது 'ரேடியோ நெல்' ஆயிற்று. திருச்சி வானொலி நிலையம் தன் பண்ணை நிகழ்ச்சிகளில் அதன் சாகுபடி முறையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்ததால் வந்த பெயர்.

அந்த நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர் கிடைத்திருப்பாரா? விதை அரசுடையது, அதை விற்று லாபம் பார்க்கும் கம்பெனி எதுவும் இல்லை. கேட்பவரோ கையில் காசு புழங்காத சிறு விவசாயி. வணிகக் கணக்கில் அந்த நேரத்துக்கு விலையே கிடையாது. இன்றைக்கு ஒரு பூச்சிமருந்து கம்பெனியின் விளம்பரக் காசில் ஓடும் விவசாய நிகழ்ச்சியை நினைத்துப்பாருங்கள். 'இந்த வாரம் மருந்தே அடிக்க வேண்டாம், வயலில் இருக்கும் சிலந்திகளே பூச்சியைத் தின்றுவிடும்' என்ற ஆலோசனை அதில் வருவது கடினம்.

சந்தையில் விலைபோகாத, ஆனால் மக்களுக்குத் தேவைப்படுகிற விஷயங்களை எல்லோருக்கும் கொண்டுசேர்ப்பதுதான் பொதுச்சேவை ஒலிபரப்பு. லாபத்துக்காக நடக்கக் கூடாது, ஆட்சியில் இருப்பவர்களின் ஊதுகுழலாகவும் ஆகக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகள் அதற்கு உண்டு. இந்தியாவில் அந்தப் பொறுப்பு பிரசார் பாரதி என்ற சட்டபூர்வ அமைப்பிடம் இருக்கிறது. அகில இந்திய வானொலியும் தூர்தர்ஷனும் அதன்கீழ் வருகின்றன.

தனியார் சேனல்கள் வந்ததால் இவை இரண்டும் நலிந்தன என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதி உண்மை. இவற்றுக்கு யார் பணம் தருகிறார்கள், இவை யாருக்குப் பதில் சொல்கின்றன என்று பார்த்தால்தான் மீதி விளங்கும்.

முதலில் தோற்றது தனியார் வானொலி

இந்தியாவில் வானொலியை அரசு தொடங்கவில்லை. 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் 1927இல் நிறுத்தியது. அதே 1927இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி 1930இல் திவாலானது. அதன் பிறகுதான் அரசு அந்த நிலையங்களை ஏற்றது. சென்னையில் 1930இல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலி என்ற பெயர் 1936இல் வந்தது; சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. பரந்த நாடு, பல மொழிகள், ரேடியோப் பெட்டி வாங்க வசதியில்லாத பெருங்கூட்டம் என்ற நிலையில் வணிக வானொலியால் அன்று காலூன்ற முடியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு முதல் போட்டி கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி வானொலியில் அதன் நேரத்தைக் குறைத்தார். மக்கள் ரேடியோவின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். இந்தியச் சரக்குகளின் விளம்பரங்களும் அங்கே போயின. அரசு இறங்கிவந்து 1957இல் விவித் பாரதியைத் தொடங்கியது. 1967இல் அதில் விளம்பரமும் வந்தது. நல்லது எது என்று நிலையம் மட்டும் முடிவுசெய்தால் கேட்பவர் ஓடிவிடுவார் என்பது அன்றே தெரிந்துபோன பாடம்.

லைசென்ஸ் போய், விளம்பரம் வந்தது

ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் தபால் நிலையத்தில் லைசென்ஸ் எடுத்து ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். தொலைக்காட்சிக்கும் அப்படியே. அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போனாலும், 'நான் காசு கட்டுகிறேன்' என்ற ஒரு பிடி கேட்பவரிடம் இருந்தது. 1985இல் அந்தக் கட்டணம் ரத்தானது. வசூல் தொல்லை ஒழிந்தது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதோடு, கேட்பவருக்கும் நிலையத்துக்கும் நேரடியாக இருந்த ஒரே பணத்தொடர்பும் அறுந்தது. அதன் பிறகு பணம் இரண்டே வழிகளில் வந்தது. ஒன்று அரசு, மற்றது விளம்பரம்.

தூர்தர்ஷனில் விளம்பரம் 1976இலேயே வந்துவிட்டது. 1984இல் 'ஹம் லோக்' தொடர் மேகி நூடுல்ஸ் விளம்பரத்தோடு வந்தது. 1987இல் 'ராமாயண்' வந்தபோது நாடே ஞாயிறு காலையில் வீட்டுக்குள் முடங்கியது. சென்னைத் தொலைக்காட்சியிலும் இந்த இரட்டை வாழ்க்கை இருந்தது. 'வயலும் வாழ்வும்' கடமைக்காக. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' கூட்டத்துக்காக. வேறு சேனலே இல்லாததால் இரண்டும் ஒரே திரையில் சண்டையில்லாமல் வாழ்ந்தன. பாட்டுக்குக் காத்திருந்தவர்கள் அதற்கு முன்னால் வந்த எதையும் பார்த்தார்கள்.

ரிமோட் கைக்கு வந்த பிறகு

1991இல் வளைகுடாப் போரோடு செயற்கைக்கோள் சேனல்கள் வந்தன. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. பாட்டுக்கு இனி வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க வேண்டியதில்லை என்றான பிறகு, பாட்டின் தயவில் நெல் சாகுபடியைப் பார்த்த கூட்டம் கலைந்தது.

போட்டி பார்வையாளர்களை மட்டும் இழுக்கவில்லை. ஆட்களையும் வடிவங்களையும் சேர்த்து இழுத்தது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் திருநெல்வேலி வானொலியின் பண்ணைப் பிரிவில் வளர்ந்தவர். சென்னை வானொலியில் 'இன்று ஒரு தகவல்' மூலம் தமிழ்நாட்டுக்கே பழகிய குரலானார். பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோன்ற அந்தப் பாணி வானொலியில் பல ஆண்டுகளில் பக்குவப்பட்டது. பின்னாளில் அவர் அதே பாணியில் சன் டிவியில் 'இந்த நாள் இனிய நாள்' என்று பேசினார். இதில் யார்மீதும் குறையில்லை. ஆனால் ஒரு கலைஞரை அடையாளம்கண்டு, பல ஆண்டுகள் பழக்கி, தவறுசெய்ய இடம்கொடுத்து உருவாக்கும் செலவைப் பொது நிறுவனம் ஏற்கிறது. விளைந்த பிறகு அறுவடையில் சந்தையும் பங்கெடுக்கிறது. கர்நாடக இசைக் கலைஞர்களில் தொடங்கி செய்தி வாசிப்பாளர்கள்வரை இதுதான் கதை. இந்தச் செலவுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரவு எழுதப்படுவதில்லை.

பொது நிறுவனம் திரும்பி எதிர்கொண்ட விதமும் தடுமாற்றமாகவே இருந்தது. 2000இல் தூர்தர்ஷன் தன் மெட்ரோ சேனலின் முக்கிய மாலை நேரத்தை ஆஸ்திரேலியாவின் நைன் நெட்வொர்க்குக்குக் குத்தகைக்கு விட்டது. அது நீடிக்கவில்லை. 2003இல் மெட்ரோ சேனலே டி.டி. நியூஸ் ஆக மாற்றப்பட்டது. தனியாரைப்போல ஆகப் பார்த்து, அதிலும் வெல்லாமல், தன் வேலையையும் விட்டுவிடுவது உலகெங்கும் பொது ஒலிபரப்பாளர்கள் விழுகிற பள்ளம். வேறுபட்டு நின்றால் 'யாரும் பார்ப்பதில்லை, எதற்குக் காசு?' என்கிறார்கள். ஒத்துப்போனால் 'தனியாரே இதைத் தருகிறார்களே, எதற்குக் காசு?' என்கிறார்கள்.

யார் பார்க்கிறார்கள் என்று எண்ணுவது எப்படி?

விளம்பரப் பணம் ரேட்டிங்கைப் பார்த்துப் போகிறது. சுமார் 58,000 வீடுகளில் மீட்டர் பொருத்தி, ஏறத்தாழ 23 கோடி தொலைக்காட்சி வீடுகளின் ரசனையை பார்க் நிறுவனம் கணிக்கிறது. மாதிரிக் கணக்கெடுப்பு என்ற முறையில் தவறில்லை. ஆனால் 2015 அக்டோபர்வரை இந்தியாவின் ரேட்டிங்கில் கிராமங்கள் சேரவே இல்லை. கிராமத்துக்காக இயங்க வேண்டிய தூர்தர்ஷனை, நகரத்து வீடுகளை மட்டும் எண்ணி அத்தனை காலம் அளந்துவந்தோம்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அளவுகோல் வேறு. புயல் எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி, நாகர்கோவில், காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் வானொலி நிலையங்கள் இருக்கின்றன. கரையை விட்டுத் தூரம் போன விசைப்படகில் செல்போன் கோபுரம் எட்டாது. மத்திய அலை வானொலி எட்டும். அந்த எச்சரிக்கையைக் கேட்டவர்கள் ஒரு தொடர் நாடகத்தின் பார்வையாளர்களில் சிறு துளியாக இருக்கலாம். வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்குத் திரும்பிய படகுக்கு ரேட்டிங்கில் இடமில்லை. அதிக மின்செலவு பிடிக்கும் பழைய மத்திய அலை ஒலிபரப்பிகள் பல இடங்களில் மூடப்படுகின்றன. அவற்றுக்குப் பதில் வரும் பண்பலை துல்லியமாகக் கேட்கும், ஆனால் அவ்வளவு தூரம் போகாது. செலவுக் கணக்கில் இது சரி. கடலில் இருப்பவர் கணக்கில் எப்படி என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட் சொல்லும் கணக்கு

வணிகச் சூழல் எவ்வளவு மாறியது என்பதைக் கிரிக்கெட்டைப்போல வேறெதுவும் காட்டாது. 1990களின் தொடக்கத்தில், ஆட்டத்தை ஒளிபரப்பத் தூர்தர்ஷன்தான் கிரிக்கெட் அமைப்பிடம் பணம் கேட்டது. 1993இல் ஹீரோ கோப்பை உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்க, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1995 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றது. அவற்றில் அரசுக்கும் ஏகபோகம் கூடாது, தனியாருக்கும் கூடாது. பொதுமக்கள் நலனுக்காக ஒரு சுதந்திரமான அமைப்பு அவற்றை நெறிப்படுத்த வேண்டும் என்றது. தீர்ப்பின் முதல் பாதியை நாடு உடனே பிடித்துக்கொண்டது. ஏகபோகம் உடைந்தது. சுதந்திரமான அமைப்பு என்ற பாதி இன்னும் காகிதத்தில் இருக்கிறது.

2022இல் ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை ஐந்து ஆண்டுகளுக்கு 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோனது. ஆண்டுக்கு 9,600 கோடிக்கு மேல். பிரசார் பாரதிக்கு மத்திய அரசு தரும் மானியம் 2024-25 பட்ஜெட்டில் சுமார் 2,500 கோடி. அது முக்கியமாகச் சம்பளத்துக்கானது. இரண்டு மாதம் நடக்கும் ஒரு போட்டிக்குச் செலவாகும் உரிமைத்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட, நாடு முழுவதும் ஆண்டு முழுவதும் இயங்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் சேர்த்துக் கிடைப்பதில்லை. ஏலத்தில் நிற்கவே முடியாத இடம் இது.

அதனால் 2007இல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அறிவிக்கப்பட்ட ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனம் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சி விளம்பர வருமானத்தில் குறைந்தது 75 சதவீதம் உரிமையாளருக்கு, மீதி பிரசார் பாரதிக்கு. பணம் கட்டி ஆட்டம் பார்க்க முடியாதவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் 2017இல் உச்ச நீதிமன்றம், இந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழிக் கோபுரங்களிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும் போகலாம், தனியார் கேபிளில் போகக் கூடாது என்றது. தரைவழிக் கோபுரங்களில் பெரும்பாலானவை அதன் பிறகு மூடப்பட்டுவிட்டன. கேபிள் இணைப்புள்ள தமிழ்நாட்டு வீடுகளுக்கு அந்தச் சலுகை எட்டுவதில்லை.

ஃப்ரீ டிஷ் என்னும் முரண்

2004இல் தொடங்கிய ஃப்ரீ டிஷ், மாதச் சந்தா இல்லாத டி.டி.எச். சேவை. ஒருமுறை குடையும் பெட்டியும் வாங்கினால் போதும். 4 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இது இருப்பதாகக் கணிக்கிறார்கள். பொதுச்சேவை என்றால் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

ஆனால் அதில் பெரும்பாலோர் பார்ப்பது தனியார் சேனல்களை. ஃப்ரீ டிஷ்ஷில் இடம்பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலம் எடுக்கின்றன. அந்த ஏலப்பணம் பிரசார் பாரதியின் சொந்த வருமானத்தில் முக்கியமானது. அதிகம் ஏலம் கேட்பவை இந்திச் சேனல்கள். ஆக, பொதுச்சேவை நிறுவனம் இங்கே ஒரு நல்ல கடைத்தெருவைக் கட்டி வாடகை வாங்குகிறது. வாடகை ஏற ஏற, தன் சொந்தக் கடையில் என்ன சரக்கு இருக்கிறது என்ற கவலை குறைகிறது.

அரசின் கை

இதுவரை சொன்னது சந்தையின் நெருக்கடி. அரசின் நெருக்கடி இதைவிடப் பழையது. நெருக்கடிநிலையின்போது கிஷோர் குமாரின் பாட்டுகள் வானொலியிலும் தூர்தர்ஷனிலும் தடைபட்டன. அந்த அனுபவத்தால் ஜனதா அரசு வர்கீஸ் குழுவை அமைத்தது. 1978இல் அது 'ஆகாஷ் பாரதி' என்ற தன்னாட்சி அமைப்பைப் பரிந்துரைத்தது. பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 1997இல்.

சட்டம் வந்தும் பிடி தளரவில்லை. 2014 தேர்தல் சமயத்தில், அன்று எதிர்க்கட்சியின் பிரதமர் வேட்பாளராக இருந்த நரேந்திர மோடியின் தூர்தர்ஷன் நேர்காணலில் சில பகுதிகள் வெட்டப்பட்டதாகச் சர்ச்சை எழுந்தது. பிரசார் பாரதியின் தலைமைச் செயல் அதிகாரி ஜவஹர் சர்க்கார், செய்திப் பிரிவுக்கும் அமைச்சகத்துக்கும் இடையே தன்னாட்சி உறவு அமையவில்லை என்று எழுதினார். ஆட்சி மாறியது. தன் 2017 சுதந்திர தின உரையை, மாற்றி எழுதினால்தான் ஒலிபரப்புவோம் என்று தூர்தர்ஷனும் வானொலியும் சொன்னதாகத் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்கார் குற்றம்சாட்டினார். காங்கிரஸ், பா.ஜ.க. இரண்டின் ஆட்சியிலும் இதே புகார் வருகிறதென்றால், கோளாறு அமைப்பில் இருக்கிறது.

வானொலிச் செய்தியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் மறு ஒலிபரப்பு செய்துகொள்ளலாம். பாட்டில் போட்டி, செய்தியில் ஏகபோகம். இந்தப் பாதுகாப்பு வானொலிக்கு லாபம்போலத் தெரியும். போட்டியில்லாத செய்தி அறிக்கைக்கு, அமைச்சர் திறந்துவைத்த பாலத்தைத் தலைப்பில் வைக்காமல் இருக்க என்ன கட்டாயம்?

கைபேசியில் இடம் எங்கே?

கேபிள் சட்டப்படி, குறிப்பிட்ட தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர் கட்டாயம் தர வேண்டும். ஸ்மார்ட் டிவியின் முகப்புத் திரைக்கும் யூடியூபுக்கும் அப்படி ஒரு விதி இல்லை. ரிமோட்டில் பணம் கொடுத்த நிறுவனத்துக்குத் தனிப் பொத்தான் இருக்கிறது. பிரசார் பாரதியும் 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' ஓ.டி.டி. தளத்தைத் தொடங்கியது, வானொலிக்குச் செயலி இருக்கிறது. தேடிப்போனால் எல்லாம் கிடைக்கும். தானாக எதிரில் வராது. பாட்டுக்காகக் காத்திருந்தவர் தற்செயலாக விவசாயச் செய்தி கேட்ட காலம் போய், ஏற்கெனவே பிடித்ததையே மேலும் காட்டும் திரை வந்துவிட்டது. பிரிட்டன் 2024இல் கொண்டுவந்த ஊடகச் சட்டம், ஸ்மார்ட் டிவியில் பொது ஒளிபரப்பாளர்களின் செயலிகள் எளிதில் கண்ணில்பட வேண்டும் என்கிறது. இங்கே 2023இல் கைபேசிகளில் எஃப்.எம். வசதியை முடக்க வேண்டாம் என்று மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. வெள்ளத்தில் இணையம் அறுந்தாலும் பண்பலை கேட்கும் என்பதால் அது பயனுள்ள நடவடிக்கை. ஆனால் அறிவுரை சட்டமாகாது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

ஜெர்மனியில் ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ கட்டுகிறது. தொகை எவ்வளவு என்பதை ஒரு சுதந்திரமான நிபுணர் குழு பரிந்துரைக்கிறது. சாக்ஸனி-அன்ஹால்ட் மாநிலம் 2020இல் கட்டண உயர்வைத் தடுத்தபோது, அரசமைப்பு நீதிமன்றம் 2021இல் தலையிட்டு உயர்வை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்தில் இந்தக் கட்டணத்தையே ஒழிக்கலாமா என்று 2018இல் வாக்கெடுப்பு நடந்தது. 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். அமெரிக்காவில் ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தையும் நம்பிப் பொது ஒலிபரப்பு நடந்தது. 2025 ஜூலையில் அந்த ஒதுக்கீடு ரத்தானது. பணத்தைப் பகிர்ந்தளித்த நிறுவனம் அடுத்த மாதமே மூடுவிழாவை அறிவித்தது. அரசின் மனநிலையை நம்பிய பணம் அரசின் மனம் மாறினால் நின்றுவிடும். மக்களிடமிருந்து நேராக வரும் பணத்துக்குக் காப்பு அதிகம்.

இந்தியாவில் மீண்டும் லைசென்ஸ் கட்டணம் கொண்டுவருவது நடக்காத காரியம். அதற்காகச் செய்ய ஒன்றுமே இல்லை என்றாகாது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. பிரசார் பாரதியைக் கண்காணிக்க 22 பேர் கொண்ட நாடாளுமன்றக் குழு. மக்களின் புகார்களைக் கேட்க ஓர் ஒலிபரப்பு மன்றம். சட்டம் நடைமுறைக்கு வந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2014இல் பிரசார் பாரதி பற்றிச் சாம் பித்ரோடா குழு அறிக்கை தந்தபோதும் இரண்டும் அமைக்கப்பட்டிருக்கவில்லை. பணம், அதிகாரம், நியமனம் எல்லாம் அமைச்சகத்தின் வழியாகவே நடந்தன.

முதலில் இவற்றை அமைக்கலாம். மானியத்தை ஆண்டுதோறும் கெஞ்சிப் பெறும் நிலையை மாற்றி ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொகையை முடிவுசெய்யலாம். ஃப்ரீ டிஷ் ஏலப்பணத்தில் ஒரு பங்கை வட்டார மொழி நிகழ்ச்சிகளுக்கென்றே ஒதுக்கலாம். புயல் எச்சரிக்கை, வேளாண் ஆலோசனை, உள்ளூர் மொழிச் செய்தி போன்றவற்றை ரேட்டிங்கால் அளக்காமல், யாரைச் சென்றடைந்தது, என்ன பயன் விளைந்தது என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டச் சொல்லலாம்.

தூர்தர்ஷன் நன்றாக இல்லை என்று ரிமோட்டை மாற்றுவதோடு நம் வேலை முடிந்துவிடுவதாக நினைக்கிறோம். தனியார் சேனல் பிடிக்கவில்லை என்றால் அது போதும். அங்கே நாம் வெறும் வாடிக்கையாளர். பிரசார் பாரதிக்குப் போகும் மானியம் நம் வரிப்பணம், அலைவரிசை நம் சொத்து. அங்கே புகார் சொல்ல நமக்குச் சட்டமே ஒரு மன்றத்தை வாக்களித்திருக்கிறது. அந்த மன்றம் எங்கே என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்டுப்பாருங்கள்.